தாத்தா விட்டுப்போன வாட்ச் அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாத்தா மலேயாவில் ரப்பர் எஸ்டேட்டில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர். 1960-களின் நடுவில் ஊர் திரும்பியபோது கையில் கட்டி வந்த வாட்ச் இப்போது பேரன் கைக்கு வந்திருக்கிறது. டயலில் ஒமேகா, சீமாஸ்டர், ஆட்டோமேட்டிக் என்று போட்டிருக்கிறது. ஓடவில்லை. நகைக்கடையில் "இது தங்கம் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பஜாரில் வாட்ச் ரிப்பேர் செய்பவர் திறந்துகூடப் பார்க்காமல் "டூப்ளிகேட் சார்" என்றவர், "வேணாம்னா எனக்கே குடுத்துடுங்க, ரெண்டாயிரம் தர்றேன்" என்றாராம். இது அசலா, போலியா?

அந்த இரண்டாயிரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். டூப்ளிகேட் என்பவர் எதற்கு விலை பேசுகிறார் என்று அவரிடம் வாதாடவும் வேண்டாம். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "அசலா போலியா" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. அறுபது வயதான வாட்சில் மிஷின், அதைச் சுற்றியுள்ள உலோகக் கூடான கேஸ், டயல், முட்கள், பக்கவாட்டில் திருகும் குமிழான கீ, கண்ணாடி என்று தனித்தனிப் பாகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். நான் பார்த்தவரை, குடும்பத்தில் கைமாறி வந்த வாட்சுகளில் முழுப் போலி குறைவு. ஒரு திருகாணிகூட மாறாத முழு அசலும் குறைவு. மிஷினும் கேஸும் அசல், டயல் மறுபடி அடித்தது, கீ ஏதோ கிடைத்தது என்கிற நிலைதான் அதிகம். அதனால் பாகம் பாகமாகக் கேட்க வேண்டும். கேட்கும் வரிசையும் முக்கியம். எல்லோரும் டயலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆனால் ஒரு வாட்சில் மிகச் சுலபமாகப் பொய் சொல்லக்கூடிய பாகம் அதுதான். மிஷினிலிருந்து ஆரம்பியுங்கள்.

அதற்குப் பின்மூடியைத் திறந்தாக வேண்டும். வீட்டில் கத்தியை வைத்து நெம்பாதீர்கள். அந்தக் கால ஒமேகாவில் மூடி மூன்று விதமாக இருக்கும். விளிம்பைச் சுற்றி வெட்டுப் பள்ளங்கள் இருந்தால் அது திருகு மூடி. அதைத் திறப்பதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. ஓரத்தில் சின்னதாக ஒரு வாய் தெரிந்தால் அழுத்து மூடி. மூன்றாவது வகைதான் வம்பு: 1960-களின் சீமாஸ்டர் டி வில் வாட்சுகள் பலவற்றில் பின்மூடி என்று தனியாக ஒன்று கிடையாது. கேஸ் முழுவதும் ஒரே துண்டு. கண்ணாடியைக் கழற்றி முன்பக்கமாகத்தான் மிஷினை எடுக்க வேண்டும். இது தெரியாமல் பின்னாலிருந்து நெம்பி முதுகெல்லாம் கீறிய டி வில்கள் நிறைய உலவுகின்றன. பழைய சுவிஸ் வாட்சுகளோடு பழகிய ரிப்பேர்காரராகப் பார்த்துப் போங்கள். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். போனில் நல்ல வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுங்கள். விட்டுவிட்டு நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வது மட்டும் வேண்டாம்.

திறந்ததும் முதலில் நிறத்தைப் பாருங்கள். 1940-களுக்குப் பிறகு வந்த ஒமேகா மிஷின்கள் இளஞ்சிவப்பு கலந்த செம்பு நிறத்தில் இருக்கும். வெறும் வெள்ளியாகவோ மஞ்சளாகவோ இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். பாலத்தின் மேல், அதாவது சக்கரங்களை மூடியிருக்கும் தகட்டில், ஒமேகா வாட்ச் கம்பெனி என்ற பெயரும் சின்னமும் கூர்மையாகப் பதிந்திருக்கும். கூடவே ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். அது மிஷினின் ரகம். 1960-களின் ஆட்டோமேட்டிக் சீமாஸ்டரில் தேதி இல்லாவிட்டால் பெரும்பாலும் 550 அல்லது 552, தேதி இருந்தால் 560, 562, 565 போன்றவை. 552-லும் 565-லும் 24 கற்கள் (சக்கர அச்சுகள் தேயாமலிருக்கப் பதிக்கும் மாணிக்கக் கற்கள்), 550-இல் 17. இதையும் மிஷின் மேலேயே ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள்.

இப்போது டயலோடு ஒத்துப் பாருங்கள். டயல் ஆட்டோமேட்டிக் என்கிறது. உள்ளே ரோட்டார், அதாவது கை அசைவில் சுழன்று தானே சாவி கொடுக்கும் அரைவட்டத் தகடு, இருக்கிறதா? ரோட்டாரே இல்லாமல் 601 என்று எண் போட்டிருந்தால் அது கையால் சாவி கொடுக்கும் மிஷின். மிஷினும் அசல் ஒமேகாதான், டயலும் ஒருவேளை அசல் ஒமேகாதான், ஆனால் இரண்டும் ஒரே வாட்சில் பிறந்தவை அல்ல. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இப்படிப்பட்டதை ஃபிராங்கன் வாட்ச் என்பார்கள். நம் ஊரில் ஒரு உதிரி பாகம் கிடைப்பதே கஷ்டமாக இருந்த காலத்தில் ரிப்பேர்காரர்கள் இன்னொரு வாட்சிலிருந்து கழற்றிப் போட்டதை ஏமாற்று என்று எல்லா நேரமும் சொல்ல முடியாது. வாட்ச் ஓட வேண்டும், ஓடியது, அவ்வளவுதான்.

மிஷினில் ஏழு அல்லது எட்டு இலக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அதுதான் சீரியல் எண். ஒமேகா இதைக் கேஸில் அல்ல, மிஷினில்தான் போட்டது. ரோலெக்ஸில் இது வேறு மாதிரி: அந்தக் கால ஆய்ஸ்டர் மாடல்களில் ஸ்ட்ராப்பைக் கழற்றினால் ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு கொம்புகளுக்கு நடுவில், 6 மணிப் பக்கம் சீரியலும் 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும் தெரியும். ஒமேகாவின் சீரியல் 1956 வாக்கில் ஒன்றரைக் கோடியைத் தொட்டது, 1963 வாக்கில் இரண்டு கோடியை. உங்கள் தாத்தா 1965-ஐ ஒட்டி ஊர் வந்துவிட்டார் என்றால் எண் இரண்டு கோடியே முப்பது லட்சத்துக்குள் இருந்தால் கதை பொருந்துகிறது. மூன்று கோடியைத் தாண்டியிருந்தால் அது 1970-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்த மிஷின். அப்படியானால் வாட்ச் போலி என்று அர்த்தமில்லை. குடும்பத்தில் சொல்லிவரும் கதையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது மிஷின் மாறியிருக்கிறது. என் அனுபவத்தில் முதலாவதுதான் அதிகம். மாமா வாங்கிக் கொடுத்ததும் தாத்தா கொண்டுவந்ததும் இரண்டு தலைமுறையில் ஒன்றாகிவிடும்.

இன்னொரு சின்னத் துப்பு. பேலன்ஸ் வீல், அதாவது இருபக்கமும் மாறி மாறி ஆடும் சக்கரத்தின் பக்கத்தில் ஓ-எக்ஸ்-ஜி என்று மூன்று ஆங்கில எழுத்துகள் பொடியாகப் பதிந்திருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். அது அமெரிக்காவுக்கு இறக்குமதியான ஒமேகா மிஷின்களுக்கான குறி. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வாங்கிய வாட்சில் அது இருக்க வேண்டிய காரணம் இல்லை. இருந்தால் மிஷின் வேறு வழியாக வந்திருக்கலாம்.

முழுப் போலி எப்படி இருக்கும் என்றும் கேட்பீர்கள். அந்தக் காலத்துப் போலிகளில் மூடியைத் திறந்ததுமே வேஷம் கலைந்துவிடும்: பெயரில்லாத தகடு, ஒன்றோ பூஜ்யமோ கற்கள், கற்களுக்குப் பதில் உலோக ஊசிகள் வைத்த மலிவான பின்-லிவர் மிஷின். பிற்காலப் போலிகளில் உள்ளே பேட்டரி இருக்கும். செகண்ட் முள் செகண்டுக்கு ஒருமுறை டக் டக்கென்று குதித்தால் அது குவார்ட்ஸ். உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஜப்பானின் சைக்கோ கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1969 டிசம்பரில்தான். 1965-க்கு முன்னால் வாங்கியதாகச் சொல்லும் வாட்சில் முள் குதித்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

அடுத்தது பின்மூடியின் உட்புறம். இதைப் பலர் படமே எடுப்பதில்லை. ஆனால் எனக்கு ஒரே ஒரு படம்தான் கிடைக்கும் என்றால் இதைத்தான் கேட்பேன். அங்கே ஒமேகாவின் பெயரும் மாடல் எண்ணும் அச்சாகியிருக்கும். 1960-களின் தொடக்கம்வரை நான்கு அல்லது ஐந்து இலக்க எண். அதற்குப் பிறகு மூன்று இலக்கம், புள்ளி, அப்புறம் மேலும் மூன்று இலக்கம். முதல் மூன்று இலக்கம் வெறும் எண் அல்ல. நீர்புகா ஆண்கள் வாட்சில் 135 என்றால் சாவி கொடுப்பது, 136 என்றால் அதிலேயே தேதி உள்ளது, 165 என்றால் ஆட்டோமேட்டிக், 166 என்றால் தேதியுள்ள ஆட்டோமேட்டிக். உங்கள் மூடியில் 166 என்று தொடங்கி, டயலில் தேதிக்கட்டமே இல்லை என்றால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. எந்தப் புத்தகமும் இல்லாமல் இந்த ஒரு சோதனையை வீட்டு மேஜையிலேயே செய்துவிடலாம்.

அதே உட்புறத்தில் ஊசியால் கீறியது போலச் சின்னச் சின்ன எழுத்துகளும் தேதிகளும் தெரியலாம். அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கச் சொல்லிவிடாதீர்கள். சர்வீஸ் செய்த ரிப்பேர்காரர்கள் தங்கள் அடையாளத்துக்காகப் போட்டது அது. அதில் 1968 என்று ஒரு தேதி இருந்தால், அந்த மூடி 1968-க்கு முன்பிருந்தே உபயோகத்தில் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. போலி செய்பவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

தங்கம் பற்றி: நகைக்கடைக்காரர் தங்கம் இல்லை என்றதும் நிறையப் பேர் மனம் உடைந்து போகிறார்கள். தங்கமா என்பது வேறு கேள்வி, ஒமேகாவா என்பது வேறு கேள்வி. சீமாஸ்டரில் பெரும்பாலானவை ஸ்டீல் அல்லது ஸ்டீல் மேல் தங்கம் பூசியவை. மூடியின் மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்று எழுதியிருந்தாலே முன்பக்கம் நம்மூரில் சொல்லும் ரோல்டு கோல்டு வகை என்று வைத்துக்கொள்ளலாம். கேஸில் 20 மைக்ரான், 10 மைக்ரான் என்று இருந்தால் அது பூச்சின் கனம். முழுத் தங்கம் என்றால் 0.750 அல்லது 0.585 என்ற எண்ணோடு சுவிஸ் அரசு முத்திரை இருக்கும்: 18 காரட்டுக்கு ஹெல்வெட்டியா என்ற பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில். 1995-இலிருந்து இந்த இரண்டுக்கும் பதில் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை வந்துவிட்டது. ஆகவே அறுபதுகளின் வாட்சில் நாய்த்தலை இருந்தால் அதுவும் ஒரு சேதிதான். முத்திரையை லென்ஸில் பார்த்தால் போதும். உரைகல்லில் உரைக்க விடாதீர்கள். கொம்பின் ஓரத்தில் விழும் அந்த ஒரு தேய்ப்பு திரும்ப வராது.

இப்போது டயல். இதில்தான் அதிகம் தடுமாறுவார்கள். ஏனென்றால் பளிச்சென்று இருக்கும் டயலைப் பார்த்துச் சந்தோஷப்படத் தோன்றும். நம் ஊரின் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் பல வருடம் கையில் இருந்த வாட்சின் டயல் நேற்று அச்சடித்தது போல இருந்தால் அது பெரும்பாலும் நேற்று இல்லாவிட்டாலும் முந்தாநாள் அச்சடித்ததுதான். அந்தக் காலத்தில் டயல் மங்கினால் பழைய பூச்சைச் சுரண்டி மறுபடி பெயிண்ட் அடித்து எழுத்து அச்சடித்துக் கொடுப்பது சர்வீஸின் ஒரு பகுதி. யாரையும் ஏமாற்றச் செய்ததில்லை. ஆனால் இன்று சேகரிப்பவர்கள் மங்கி, புள்ளி விழுந்த அசல் டயலுக்குக் கொடுக்கும் விலையில் பாதிகூடப் பளபளக்கும் மறு டயலுக்குத் தரமாட்டார்கள்.

கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று போதும். தொழிற்சாலையில் அச்சான எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். மறு அச்சில் மை கசிந்து எழுத்து தடித்து நிற்கும். நிமிடக் கோடுகளும் பதித்த மணிக் குச்சிகளும் நேர்கோட்டில் சேர்கின்றனவா என்று சுற்றிலும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், 6 மணிக்குக் கீழே, சுவிஸ் மேட் என்ற பொடி எழுத்து இருக்கிறதா? மறு டயல் அடிப்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள், அல்லது பெரிதாக, தவறான இடத்தில் போடுவார்கள். டயலின் விளிம்பில் அரத்தால் ராவிய ஒரு சின்ன வெட்டு தெரிந்தால், அச்சடிக்கும்போது திசை தெரிவதற்காகப் போட்ட அடையாளம் அது. இதையெல்லாம் ஒரே மாடலின் நல்ல படங்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பெரிய ஏல நிறுவனங்கள் வெளியிடும் படங்கள் இதற்கு நல்லவை. விற்பனைத் தளங்களில் வரும் படங்களை ஆதாரமாக எடுக்காதீர்கள். அங்கே இருப்பதில் பாதி மும்பை ஸ்பெஷல். எச்எம்டி பைலட்டையும் ஃபாவ்ரே லூபா சீ கிங்கையும் சைக்கோ ஐந்தையும் பச்சை, ஆரஞ்சு என்று கம்பெனி கனவிலும் நினைக்காத நிறங்களில் அடித்து விற்பதற்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் அது.

முள்ளிலும் டயலிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் அதுவும் பேசும். ரூபாய் நோட்டு சோதிக்கும் நீல டார்ச்சை அடித்துவிட்டு அணையுங்கள். அறுபது வருடப் பூச்சு உடனே அணைந்துபோகும். நிமிடக்கணக்கில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டே இருந்தால் சமீபத்தில் பூசியது. அப்படி ஒளிரும் பூச்சுகள் 1990-களில்தான் வந்தன. ஒரு எச்சரிக்கை: 1960-களின் தொடக்கம்வரை இந்தப் பூச்சில் ரேடியம் கலந்தார்கள். ஒளி செத்துப்போனாலும் ரேடியம் சாகவில்லை. அதன் அரை ஆயுள் 1600 வருடம். கையில் கட்டினால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் டயலைச் சுரண்டுவது, தூளை ஊதுவது, குழந்தைகள் கையில் திறந்து கொடுப்பது எதுவும் கூடாது. அதன்பின் வந்த டிரிட்டியம் பூச்சுக்கு, 6 மணிக்குக் கீழே சுவிஸ் என்ற சொல்லின் இருபக்கமும் ஆங்கில டி எழுத்து போட்டிருப்பார்கள்.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். பழைய ஒமேகாவின் பிளாஸ்டிக் கண்ணாடியின் நட்டநடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒமேகா சின்னம் இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் லூப்பில் தெரியும். கீயின் தலையிலும் அந்தச் சின்னம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம். கண்ணாடியும் கீயும் சர்வீஸில் மாறிப்போகும் சாமான்கள். ஸ்ட்ராப் அசலா என்று ஆராய்வதில் அர்த்தமே இல்லை.

வேறு கம்பெனி வாட்ச் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் இரண்டு வார்த்தை. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த சைக்கோக்கள் சோதிக்கச் சுலபமானவை. பின்மூடியில் நான்கு இலக்கம், கோடு, மேலும் நான்கு இலக்கம் இருக்கும். முதல் நான்குதான் மிஷின் ரகம். உள்ளே இருக்கும் மிஷினிலும் அதுவே இருக்க வேண்டும், டயலின் அடியிலும் பொடி எழுத்தில் அதுவே இருக்க வேண்டும். சீரியலின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி. எந்தப் பத்தாண்டு என்பதை மிஷின் ரகம் சொல்லும். 6119 மிஷினில் சீரியல் 1 என்று தொடங்கினால் அது 1971.

எச்எம்டி ஜனதாவும் பைலட்டும் வைத்திருப்பவர்கள் மிஷினில் எச்எம்டி என்ற பதிப்பும் 17 கற்களும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். 1961-இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு ஆரம்பித்த தொழிற்சாலை அது. வாட்ச் பிரிவு மூடப்பட்டபின் ஆசை கூடிவிட்டது, மறு டயல்களும் கூடிவிட்டன. ஃபாவ்ரே லூபாவில் டயல் ட்வின் பவர் என்று சொன்னால் உள்ளே ஸ்பிரிங் சுற்றியிருக்கும் பீப்பாய் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் டயல் பொய் சொல்கிறது.

லாஞ்சின்ஸ் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அந்தக் கம்பெனி 1867-இலிருந்து பதிவேடு வைத்திருக்கிறது. மிஷினில் இருக்கும் சீரியலைப் படத்தோடு எழுதிக் கேட்டால் எந்த வருடம், எந்த நாட்டு ஏஜென்டுக்கு அனுப்பினார்கள் என்று பார்த்துச் சொல்லக்கூடும்.

ஆனால் கம்பெனிப் பதிவேட்டில் இருக்கிறது, மிஷின் பொருந்துகிறது என்பதால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் என்ற ஏல நிறுவனத்தின் ஏலத்தில் 1957-ஆம் வருட ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது யார் தெரியுமா? ஒமேகாவேதான், தன் அருங்காட்சியகத்துக்கு. 2023-இல் அது பல வாட்சுகளின் பாகங்களை எடுத்துச் சேர்த்தது என்றும், கம்பெனியின் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்கு உண்டு என்றும் ஒமேகாவே அறிவித்தது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த மோசடி நடந்ததற்குக் காரணம் விலை. சாதாரண சீமாஸ்டருக்கு யாரும் அவ்வளவு உழைக்கமாட்டார்கள். இன்னொன்று, யாரும் விற்க வராத வாட்ச் உங்களுடையது. வீட்டு அலமாரியில் நாற்பது வருடம் கிடந்ததுதான் உங்கள் பக்கம் இருக்கும் பெரிய சாதகம். தாத்தா அதைக் கட்டியிருக்கும் கல்யாண போட்டோ ஏதாவது இருந்தால் ஸ்கேன் செய்து பெரிதாக்குங்கள். மணிக் குச்சிகளின் வடிவம், கேஸின் கொம்புகள், செகண்ட் முள் நடுவிலா கீழேயா என்பதெல்லாம் தெரிந்தால் டயல் மாறியதா என்ற கேள்விக்கு லூப்பைவிட நல்ல பதில் கிடைக்கும்.

இதற்கிடையில் வாட்சை ஓட வைக்க அவசரப்படாதீர்கள். எண்ணெய் காய்ந்துபோன மிஷினுக்குச் சாவி கொடுத்து ஓட்டினால் பற்களும் அச்சுகளும் தேயும். பேலன்ஸ் ஆடுகிறதா என்று பார்க்க இரண்டு மூன்று சுற்று போதும். தண்ணீர் பக்கம் கொண்டுபோக வேண்டாம், மூடியில் வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்தாலும். சர்வீஸுக்குக் கொடுப்பதாக முடிவு செய்தால், கேஸைப் பாலிஷ் செய்யக்கூடாது, டயலையும் முள்ளையும் தொடக்கூடாது, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டராக இருந்தாலும் இதேதான். அங்கே புது டயல் போட்டுப் பழையதை வைத்துக்கொள்வது சில இடங்களில் வழக்கம்.

மூடியைத் திறந்தபின் நான்கு படம் அனுப்புங்கள்: மிஷின் நேராக மேலிருந்து, சீரியல் தெரிகிற மாதிரி கிட்டத்தில், மூடியின் உட்புறம், கண்ணாடி வழியாக இல்லாமல் டயல். சீரியலின் கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிட்டு அனுப்பினாலும் எனக்குப் போதும்.